நம் பிள்ளைகளின் இரத்தத்தில் காரீயம்: பால்மாவு கொடுத்தால் போதுமா?

சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஒரு தாய் வந்தார். கையில் ஏழு வயது மகனைப் பிடித்திருந்தார். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, வீட்டு வாடகை என்று வழக்கமாக வரும் சிக்கல் எதுவும் அவருக்கு இல்லை.

"பையன் முதலாம் ஆண்டு படிக்கிறான் சார். எழுத்து மனசுல நிக்க மாட்டேங்குது. அடிக்கடி வயிறு வலிக்குதுங்கிறான். குறைநீக்கல் வகுப்புக்கு மாத்துனாங்க. இப்ப ஓ.கே.யூ. அட்டைக்கு எழுதிப் போடச் சொல்றாங்க. என் பிள்ளையை அப்படி முத்திரை குத்த அவங்களுக்குச் சட்டத்துல இடம் இருக்கா?"

பேச்சுவாக்கில் கணவரின் வேலையைப் பற்றிக் கேட்டேன். பழைய கார் பேட்டரிகளை உடைத்து உருக்கும் ஒரு சிறிய பட்டறையில் வேலை. குளிக்க அங்கே இடம் கிடையாது. வேலை உடுப்போடு வீட்டுக்கு வருவார். பையன் ஓடிப் போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அந்த உடுப்பும் பையனின் பள்ளிச் சீருடையும் ஒரே வாளியில் ஊறும்.

"பட்டறையில் பாதுகாப்பு ஏதாவது கொடுக்கிறார்களா?" என்றேன்.

"முதலாளி நல்லவர்தான் சார். மாசம் ரெண்டு டின் பால்மாவு கொடுக்கிறாரு. பால் குடிச்சா அந்த விஷம் எறங்கிடும்னு சொல்லியிருக்காரு."

அந்த டின் எனக்குப் புதிதல்ல. எண்பதுகளில் என் அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தார். தோளில் தோம்பு, காலில் சிலிப்பர், முகத்துக்கு ஒரு பழைய துண்டு. மருந்தடிக்கும் பெண்களுக்கு மண்டோர் அவ்வப்போது டின் பால் கொண்டுவந்து கொடுப்பார். கையுறை கொடுத்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. அவர்கள் அடித்த பாராகுவாட் உலோகம் அல்ல, வேறு வகை நஞ்சு. அதற்கு 2002இல் தடை அறிவிக்கப்பட்டது, 2006இல் தடை தளர்த்தப்பட்டது, கடைசியில் 2020 ஜனவரியில்தான் மலேசியாவில் முழுத் தடை வந்தது. அதுவரை பால் டின்தான் பாதுகாப்பு.

பால் குடித்தால் விஷம் இறங்கும் என்பது உண்மையா? நான் வழக்கறிஞன், மருத்துவன் அல்ல. ஆனால் அந்தத் தாய் போன பிறகு இந்தக் கேள்வியை விடமுடியவில்லை. தேடிப் படித்தேன், தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டேன். பதில் என்னவென்றால், அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையை நம் தாய்மார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மீதிப் பாதியை நம் சமூகம் முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த ஈயம்?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம்மில் பலருக்கு ஈயம் என்றால் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு, ஈயச் சுரங்கம், லம்பம் என்றுதான் நினைவு வரும். அது வெள்ளீயம். பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதாகத்தான் இருக்க வேண்டும். நாம் இங்கே பேசுவது காரீயத்தைப் பற்றி. மலாய்க்காரர்கள் இதைத் 'தீமா ஹித்தாம்', அதாவது கறுப்பு ஈயம் என்பார்கள். கார் பேட்டரி, பழைய வண்ணப்பூச்சு, பற்றவைக்கும் ஈயக்கம்பி, சில கண் மைகள், கலப்படம் செய்த ஈயச்சொம்பு ஆகியவற்றில் இருப்பது இந்தக் காரீயம்தான். ஒரு காலத்தில் பெட்ரோலிலும் இருந்தது. உலகத்தில் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல்தான் அதைக் கைவிட்டது.

காரீயத்தால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி உலகில் மூன்றில் ஒரு பிள்ளையின் இரத்தத்தில், அதாவது ஏறக்குறைய 80 கோடிப் பிள்ளைகளின் இரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் ஏழை நாடுகளின் பிள்ளைகள். பணக்கார நாடுகளிலும் ஏழைகள் வாழும் பகுதிகளில்தான் இது அதிகம்.

பசித்த வயிற்றில் திறக்கும் கதவு

ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனால், பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடல் அதை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. பிள்ளைகள் தரையில் தவழ்வார்கள், விரலை வாயில் வைப்பார்கள். அவர்கள் மூளை அப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இங்கேதான் சத்துணவு வருகிறது. நம் குடலில் இரும்புச்சத்தை உள்ளே எடுத்துச் செல்ல ஒரு கடத்தி இருக்கிறது. அதை ஒரு கதவு என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால், கிடைக்கும் கொஞ்ச நஞ்சத்தையும் விட்டுவிடக்கூடாது என்று உடல் அந்தக் கதவுகளை அதிகமாக்குகிறது. ஆனால் அந்தக் கதவுக்கு இரும்பு எது, காரீயம் எது என்று தெரியாது. இரண்டையும் உள்ளே விடும். இரத்தச்சோகை உள்ள பிள்ளை காரீயத்தையும் கூடுதலாக உள்ளே இழுப்பது இதனால்தான்.

சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், விஷயத்திலும் அப்படித்தான். காரீயம் உடம்புக்குள் கால்சியம்போல் நடிக்கும். உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால், குடலில் காரீயத்துக்கு இடம் குறைகிறது. இல்லாவிட்டால் காரீயம் அந்த இடத்தில் புகுந்துகொள்கிறது. மூளைக்குள் நுழைவதும் இதே வேடத்தில்தான். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளக் கால்சியத்தைப் பயன்படுத்துகின்றன. அந்தப் பேச்சில் காரீயம் குறுக்கே புகுந்து குழப்புகிறது. கற்பதும் நினைவில் வைப்பதும் அந்தப் பேச்சால் நடப்பவை.

இன்னொன்று. வெறும் வயிற்றில் காரீயம் அதிகமாக உறிஞ்சப்படுகிறது. காலையில் பசியாறாமல் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆபத்து கூடுதல்.

ஆக, வறுமை ஒரே பிள்ளையை இரண்டு முறை அடிக்கிறது. பட்டறைக்குப் பக்கத்தில் வீடு கிடைப்பது வறுமையால். அந்த வீட்டில் சத்தில்லாத சாப்பாடு கிடைப்பதும் வறுமையால். இரண்டும் ஒரே வயிற்றில் சந்திக்கின்றன.

நம் நாட்டில் இது வெறும் பேச்சல்ல. 2018இல் யுனிசெஃப், கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் வாழும் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியிருந்தார்கள். இரட்டைக் கோபுரம் தெரியும் தூரத்தில் இந்த நிலைமை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நம் மக்களில் எத்தனை குடும்பங்கள் இப்படிப்பட்ட அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

உணவு உண்மையிலேயே காப்பாற்றுகிறதா? சில ஆய்வுகளைப் பார்ப்போம்.

பெங்களூருவில் இரும்புச்சத்துக் குறைபாடு உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு, மதிய உணவில் இரும்புச்சத்து சேர்த்த அரிசிச் சோறு 16 வாரங்கள் கொடுத்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. தொடக்கத்தில் 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு இரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தது. சத்து சேர்த்த சோறு சாப்பிட்டவர்களிடம் அது 29 விழுக்காடாக இறங்கியது. ஒரு வேளைப் பள்ளிச் சாப்பாடு செய்த வேலை இது.

மெக்சிகோ நகரத்தில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவின்படி அவர்கள் இரத்தத்தில் காரீயம் சராசரியாக 11 விழுக்காடு குறைந்தது. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரீயம் எலும்பில் போய்ப் பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் சிசுவுக்குக் கால்சியம் தேவைப்படும்போது தாயின் எலும்பு கரைகிறது. கால்சியத்தோடு பழைய காரீயமும் வெளியே வருகிறது. ஒரு பெண் சிறுமியாக இருந்தபோது அவள் உடம்பில் சேர்ந்த நஞ்சு, இருபது ஆண்டுகள் கழித்து அவள் பிள்ளையின் மூளைக்குப் போகிறது. தாய்க்குப் போதிய கால்சியம் கிடைத்தால் எலும்பு அவ்வளவாகக் கரைவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனமும் 2021இல் இதை ஏற்று வழிகாட்டி வெளியிட்டது. இரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ உள்ள, பத்து வயது வரையிலான பிள்ளைக்கு, உணவில் கால்சியமும் இரும்பும் போதாமல் இருந்தால் அவற்றைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ஆனால் அதே வழிகாட்டி அதற்கு முன்பு செய்ய வேண்டியதையும் சொல்கிறது. நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும்.

பட்டறை முதலாளியின் பாலுக்கு வருவோம். பாலில் கால்சியம் உண்டு. அந்த அளவில் அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சாப்பாட்டைக் குறைத்து வெறும் பாலையே ஊற்றி வளர்க்கப்படும் சின்னப் பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை வரும். இரும்பு குறைந்தால் காரீயத்துக்குக் கதவு திறக்கும். பால்மாவை மட்டும் நம்பினால் ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்துவிட்ட கதைதான்.

நம் சமையலில் நல்ல பொருள்கள் இருக்கின்றன. நெத்திலி, தௌஃபூ, கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியவற்றில் கால்சியம் உண்டு. பயறு, பருப்பு, முட்டை, இறைச்சி ஆகியவற்றில் இரும்பு உண்டு. கொய்யா, எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி, அந்த இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். பிள்ளைக்குச் சாப்பாட்டோடு தே கொடுப்பதை நிறுத்துங்கள். தேயிலை இரும்பைத் தடுக்கும். இரும்பு மாத்திரையை மட்டும் கடையில் வாங்கி நீங்களாகவே கொடுக்காதீர்கள். அளவு மீறினால் அது சின்னப் பிள்ளைகளுக்கு நஞ்சு. கிளினிக்கில் இரத்தம் பார்த்த பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

மருந்தும் மீட்டுத் தராதது

இனி மீதிப் பாதி உண்மை.

அமெரிக்காவில் 780 பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. இரத்தத்தில் காரீயம் அதிகமாக இருந்த குழந்தைகள் அவர்கள். காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் சக்சிமர் என்ற மருந்தை ஒரு பாதியினருக்குக் கொடுத்தார்கள். மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மருந்து இரத்தத்தில் காரீயத்தைக் குறைத்தது. ஆனால் 2001இல் முடிவு வெளியானபோது, இரண்டு பகுதியினரின் அறிவுத்திறனுக்கும் நடத்தைக்கும் வேறுபாடு இல்லை. இரத்தம் சுத்தமானது, மூளையில் நடந்தது நடந்ததுதான்.

மெக்சிகோவின் தோரியோன் நகரத்தில் ஓர் உலோக உருக்காலை அருகே படித்த முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரும்பும் துத்தநாகமும் மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றோரும் ஆசிரியரும் கணித்த அவர்களின் நடத்தையில் முன்னேற்றம் தெரியவில்லை.

ஆகவே சத்துணவு உள்ளே வரும் நஞ்சைக் குறைக்கும். வந்த பிறகு நடந்த சேதத்தை அது அழிக்காது. வாசலில் நஞ்சு கொட்டிக்கொண்டே இருந்தால், எந்தக் கீரையும் எத்தனை நாளைக்குத் தடுக்கும்?

இந்தச் சேதத்தை வெளியே கொண்டுவந்தவர்களும் சும்மா விடப்படவில்லை. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன், பாஸ்டன் அருகே பள்ளிப் பிள்ளைகளிடம் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். பல்லில் காரீயம் அதிகம் இருந்த பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாகவும், வகுப்பில் கவனம் சிதறுவதாகவும் 1979இல் எழுதினார். நோய் அறிகுறி ஏதும் வெளியில் தெரியாத பிள்ளைகள் அவர்கள். காரீயத் தொழிற்துறைக்காகச் சாட்சி சொன்ன நிபுணர்கள், பின்னர் அவர்மீது ஆய்வு முறைகேடு என்று புகார் செய்தார்கள். அவர் பகிரங்க விசாரணை கேட்டார். முறைகேடு இல்லை என்று விடுவிக்கப்பட்டார். நம் பள்ளிகளில் 'மந்தம்', 'கவனமில்லை', 'அடங்காதவன்' என்று கடைசி வரிசையில் உட்கார வைக்கப்படும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பால்பற்கள் நினைவுக்கு வருகின்றன. காரணம் காரீயம்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரு முறையாவது யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்றுதான் கேட்கிறேன்.

ஃபிளிண்ட் நகரத்துப் பிள்ளைகள்

இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்த ஓர் ஊரின் கதையை நாம் படிக்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளிண்ட். மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஏழைகள் நிறைந்த ஊர். நகராட்சி கடனில் இருந்ததால், மாநில அரசு தானே ஒரு நிர்வாகியை நியமித்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் அதிகாரம் அவரிடம் போனது. செலவை மிச்சப்படுத்த 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளிண்ட் ஆற்றிலிருந்து எடுத்தார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் காரீயம் தண்ணீரில் கரைந்தது.

மக்கள் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். யாரும் கேட்கவில்லை. அதே 2014 அக்டோபரில், இந்தத் தண்ணீர் இயந்திரப் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை முறையிட்டது. அதற்கு வேறு தண்ணீர் கிடைத்தது. பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீர் திரும்பி வர 2015 அக்டோபர் ஆனது. காருக்கும் கறுப்பினப் பிள்ளைக்கும் நடுவே ஓராண்டு இடைவெளி.

அந்தத் தண்ணீரை மாற்ற வைத்தவர்களில் ஒருவர் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா. 2015 செப்டம்பரில் அவர் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துக் காட்டினார். காரீயம் உயர்ந்திருந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விழுக்காடு 2.4இலிருந்து 4.9க்கு உயர்ந்திருந்தது. அரசு அதிகாரிகள் முதலில் அவர் கணக்கு தவறு என்றார்கள். பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

அதன்பின் அவரும் நகர மக்களும் செய்ததைக் கவனியுங்கள். இரும்பும் கால்சியமும் வைட்டமின் சியும் உள்ள உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். நல்ல மளிகைக் கடைகளே குறைந்துபோன ஊர் அது. வெறும் அறிவுரையால் என்ன பயன்? குழந்தை மருத்துவமனைக் கிளினிக் உழவர் சந்தைக் கட்டடத்தின் மாடியிலேயே இருந்தது. மருத்துவர் சீட்டில் மருந்து எழுதுவதுபோல் காய்கறியும் பழமும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கீழே சந்தையில் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் காய்கறிச் சீட்டோடு அவர்கள் அடங்கவில்லை. குழாய்களைத் தோண்டி மாற்றக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2017இல் மிச்சிகன் குடியுரிமை ஆணையம், இந்தப் பேரிடரின் அடியில் அமைப்புரீதியான இனப் பாகுபாடு இருந்தது என்று அறிக்கை கொடுத்தது. 2021இல் நீதிமன்றம் 62 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டை ஏற்றது. அதில் பெரும்பங்கு, பாதிக்கப்பட்டபோது சிறுவர்களாக இருந்தவர்களுக்கு. முழு நீதி கிடைத்ததா? இல்லை. அதிகாரிகள்மீது போட்ட குற்றவழக்குகள் நடைமுறைத் தவற்றால் 2023இல் முடிந்துபோயின. ஆனாலும் உணவைப் பெற்றுக்கொண்டு குழாயைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை அந்த மக்கள்.

மஞ்சள் தூளில் ஒரு பாடம்

நஞ்சு முதலாளியின் பட்டறையிலிருந்து மட்டும்தான் வருகிறது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. பங்களாதேஷில் மஞ்சளின் நிறத்தைக் கூட்டக் காரீய குரோமேட் என்ற சாயத்தை வியாபாரிகள் கலந்துவந்தார்கள். 2019இல் ஆய்வாளர்கள் இதை அம்பலப்படுத்தினார்கள். அரசு சந்தையில் சோதனை நடத்தியது, கலப்படம் செய்தவர்களுக்கு அபராதம் போட்டது, ஊரெங்கும் அறிவிப்பு ஒட்டியது. 2019இல் சந்தை மஞ்சளில் 47 விழுக்காட்டில் இருந்த காரீயக் கலப்படம், 2021இல் காணாமல் போனது.

இரண்டே ஆண்டுகள். எந்தத் தாய்க்கும் சமையல் வகுப்பு எடுக்கவில்லை. ஓர் அரசு தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

நாமும் நம் வீட்டில் சிலவற்றைப் பார்க்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கண் மையைக் குழந்தைக்குத் தீட்ட வேண்டாம். பதிவு எண் இல்லாத நாட்டு மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். 2004இல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் காரீயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. பாரம்பரியத்தை மதிப்பது வேறு, பரிசோதிக்காமல் நம்புவது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி என் தொழில் சார்ந்த பகுதிக்கு வருகிறேன்.

ஐக்கிய நாடுகளின் சிறார் உரிமைகள் உடன்படிக்கையை மலேசியா 1995இல் ஏற்றது. பாகுபாடு கூடாது என்னும் 2ஆம் விதி உட்படப் பல விதிகளுக்கு அப்போது ஆட்சேபம் தெரிவித்தது. ஆனால் சுகாதாரம் பற்றிய 24ஆம் விதிக்கு ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. அந்த விதியின் ஒரே உட்பிரிவு, பிள்ளைகளுக்குச் சத்தான உணவும் தூய குடிநீரும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. அதே மூச்சில் சுற்றுச்சூழல் மாசின் ஆபத்துகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. உணவும் மாசும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றை மறந்துவிட அரசுக்கு அனுமதி இல்லை.

உடன்படிக்கை நம் நீதிமன்றத்தில் நேரடியாகச் சட்டம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அரசமைப்புக்கு வருவோம். 1996இல் டான் டெக் செங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் ஒரு தீர்ப்பு எழுதினார். 5ஆம் விதியில் உள்ள 'உயிர்' என்ற சொல் வெறும் மூச்சைக் குறிக்காது, வாழ்க்கையின் தரத்தையும் குறிக்கும் என்றார். மாசு இல்லாத, நலமான சூழலில் வாழும் உரிமையும் அதில் அடங்கும் என்றார். இந்த வரியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய வழக்குகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

தீங்கியல் சட்டத்தில் பழைய கொள்கை ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவன் எந்த நிலையில் இருக்கிறானோ அந்த நிலையிலேயே அவனை ஏற்க வேண்டும் என்பது அது. மெல்லிய மண்டையோடு விதி என்பார்கள். 1962இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஸ்மித் எதிர் லீச் பிரெய்ன் வழக்கில், உருகிய உலோகம் தெறித்து ஒரு தொழிலாளியின் உதடு சுட்டது. அந்தக் காயம் புற்றுநோயாகி அவர் இறந்தார். அவர் உடம்பில் ஏற்கெனவே அதற்கான தன்மை இருந்தது என்ற வாதம் முதலாளியைக் காப்பாற்றவில்லை. நாளைக்கு ஒரு பட்டறை முதலாளி நீதிமன்றத்தில், 'அந்தப் பிள்ளைக்குச் சத்துக்குறைவு, அதனால்தான் காரீயம் ஏறியது, தாய் சரியாகச் சாப்பாடு கொடுக்கவில்லை' என்று சொன்னால், அதற்கு நம் பதில் இதுதான். பசித்த பிள்ளைக்கு நஞ்சு வைத்தவன், பிள்ளையின் பசியைக் காரணம் காட்டித் தப்ப முடியாது.

தொழிலாளிக்கும் சட்டம் இருக்கிறது. காரீயத்துக்கென்றே தனி விதிமுறைகள் 1984இலேயே இந்நாட்டில் வந்துவிட்டன. இரத்தப் பரிசோதனை, பாதுகாப்பு உடுப்பு, கழுவும் வசதி எல்லாம் முதலாளியின் பொறுப்பு. 2024 ஜூன் முதல், 1994ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஒதுக்குப்புறப் பட்டறை என்று யாரும் தப்ப இடமில்லை. பால்மாவு இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அரசு அமைப்பின்மீது வழக்குப் போடுவதென்றால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 36 மாதக் கெடு வைக்கிறது. காரீயத்தின் சேதமோ பிள்ளை பள்ளிக்குப் போன பிறகுதான் வெளியில் தெரியும். ஆகவே சந்தேகம் வந்த நாளிலேயே இரத்தப் பரிசோதனை செய்து, அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புக்கிட் மேரா மக்கள் கதிரியக்கக் கழிவுக்கு எதிராக 1985இல் வழக்குத் தொடுத்து, 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்று, 1993இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். சாட்சியத்தில் யாருடைய நிபுணரை நீதிமன்றம் நம்புகிறது என்பதில் வழக்கு நிற்கும் அல்லது விழும். காகிதம் இல்லாத உண்மை நீதிமன்றத்தில் நடக்காது.

நாம் செய்ய வேண்டியது

நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

ஒன்று, பேட்டரிப் பட்டறை, மின்கழிவுக் கூடம், உருக்காலை ஆகியவற்றின் அருகில் வாழும் பிள்ளைகளுக்கும், அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் அரசு கிளினிக்கில் இலவசமாக இரத்தத்தில் காரீயம் பார்க்க வேண்டும்.

இரண்டு, பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கூடுதல் உணவுத் திட்டம், பாலர் பள்ளிக்கும் நீள வேண்டும். மூளை வளரும் வயது முதலாம் ஆண்டில் தொடங்குவதில்லை. அந்தச் சாப்பாட்டில் இரும்பும் கால்சியமும் இருக்க வேண்டும். மாவும் சர்க்கரையும் போதாது.

மூன்று, குறைநீக்கல் வகுப்புக்கோ ஓ.கே.யூ. பதிவுக்கோ ஒரு பிள்ளையை அனுப்பும் முன், இரத்தச்சோகைக்கும் காரீயத்துக்கும் சோதனை செய்ய வேண்டும்.

நான்கு, நஞ்சு வரும் இடத்தை மூட வேண்டும். இது நடக்காவிட்டால் மேலே சொன்ன மூன்றும் ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கும் வேலைதான்.

நம் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதில் இறங்கலாம். அன்னதானத்துக்குக் குறைவில்லாத சமூகம் நாம். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி வாசலில் முட்டையும் பயறும் கொடுப்பது நமக்குப் பெரிய காரியம் அல்ல. ஆனால் அந்த முட்டையைக் காட்டி அரசும் முதலாளியும் தங்கள் கடமையிலிருந்து நழுவ நாம் விடக்கூடாது.

அந்தத் தாய் மகனுக்கு இரத்தப் பரிசோதனை செய்துவிட்டார். காரீயமும் அதிகம், இரத்தச்சோகையும் இருக்கிறது. மருத்துவர் இரும்புச்சத்து எழுதிக் கொடுத்திருக்கிறார். கணவரின் உடுப்பு இப்போது வீட்டுக்குள் வருவதில்லை. புகார் மனுவை நான் தயாரித்து வைத்திருக்கிறேன். கணவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவும் அந்தப் பயத்தோடுதான் தோம்பைத் தூக்கினார்.

அவர் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்வரை அந்தப் பயம் போகாது. அதே பட்டறையில் இன்னும் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஆறு பேருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை அவர்களையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.